60 கிமீ, ஒரு கார்கூட வராத சரளைப் பாதை: 32 மிமீ டயர் போதுமா?

புதுச்சக்கரம், மார்ச் 4, காலை 7.10

ஏரியை முக்கால்வாசி சுற்றி, காட்டுக்குள் புகுந்து, பறவைகள் காப்பிடத்தின் ஓரமாகத் திரும்பும் வட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். 60 கிமீ. கார், பைக் எதற்கும் அனுமதியில்லை. மேப்பில் பெரும்பாலும் ‘கிராவல்’ என்றே வருகிறது. டயர் 700x32, ட்யூப் உள்ளது. தார் ரோட்டில் சராசரி மணிக்கு 25 கிமீ வரும். சரளை என்பதால் 20 என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் போதும்தானே? ஏற்றமும் அதிகம் இருக்காது, ஏரிக்கரைதானே.

மேடுபள்ளம், மார்ச் 4, காலை 9.35

போதாது. கணக்கைப் பிரித்துப் போடுங்கள். ரோலர் விட்டு இறுக்கிய காய்ந்த பாதையில் 18, 20 வரும். காட்டுப் பாதையில் 12, 13. புதிதாகக் கொட்டிய ஜல்லி, மணல், சேறு என்றால் 8, 9. உங்கள் 60-இல் 25 கிமீ நல்ல பாதை, 25 கிமீ காடு, 10 கிமீ மோசம் என்று வைத்தால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். இதில் நிற்கிற நேரம் சேரவில்லை.

இரண்டாவது, ‘ஏரிக்கரைதானே’ என்பது. இயற்கையான ஏரி என்றால் சரி. அணை கட்டித் தேக்கிய நீர் என்றால் அது மூழ்கிய பள்ளத்தாக்கு. ஓடைகள் வந்து சேரும் இடமெல்லாம் நீர் விரல்விரலாக உள்ளே நீண்டிருக்கும். பாதை ஒவ்வொரு விரலுக்கும் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் 15 மீட்டர்தான், ஆனால் இருபது தடவை. இங்கிலாந்தின் கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றும் பாதை 26 மைல், அதாவது 42 கிமீ. பெரிய மலை ஏற்றம் எதுவும் கிடையாது, ஆனாலும் கால் ஓய்கிற சமதளம் அதிகம் கிடைக்காது. மேப்பின் உயரக் கோட்டில் இந்தக் குட்டி ஏற்றங்கள் பாதி மழுங்கிப்போய்விடும், அதை நம்ப வேண்டாம்.

மேடுபள்ளம், மார்ச் 4, காலை 9.50

விட்டுப்போனது. மேப்பில் ‘கிராவல்’ என்று இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (பயனர்களே திருத்தும் இணைய மேப்) அந்தச் சொல்லுக்கு வரையறை, உடைத்த, கூர்முனையுள்ள, இறுகாமல் கிடக்கும் கல். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்குமே, அந்த ஜாதி. நமக்கு வேண்டியது ‘கம்பாக்டட்’ (இறுக்கிய தளம்) அல்லது ‘ஃபைன் கிராவல்’ (பொடிக்கல்) என்று குறித்த பாதை. ‘கிரவுண்ட்’ என்றால் வெறும் மண். மழைக்கு மறுநாள் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஒற்றைப்பல், மார்ச் 4, மதியம் 1.20

வரையறை அப்படித்தான். ஆனால் குறிப்பவர்கள் எல்லாரும் வரையறை படித்துவிட்டா குறிக்கிறார்கள்? நல்ல பாதைக்கும் ‘கிராவல்’ போட்டிருப்பார்கள், ஜல்லிக் குவியலுக்கும் போட்டிருப்பார்கள். கூடவே ‘ட்ராக்டைப்’ என்ற, பாதை எவ்வளவு கெட்டி என்று சொல்லும் குறிப்பையும் பாருங்கள். கிரேடு 1 நல்ல கெட்டித் தளம், கிரேடு 5 புல்லும் மண்ணும். 1, 2 என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 3 என்றால் வானிலையைப் பார்த்து. 4, 5 பக்கம் 32 மிமீ-யில் போனால் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்தக் குறிப்பு எந்த ஆண்டு கடைசியாகத் திருத்தப்பட்டது என்பதையும் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய ‘கிரேடு 2’ இன்றைக்கு முள்காடாக இருக்கலாம்.

மேடுபள்ளம், மார்ச் 4, மாலை 6.05

ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மேலே செயற்கைக்கோள் படத்தையும் வையுங்கள். வெளிறிய, ஒரே அகலமான கோடாகத் தெரிந்தால் இறுக்கிய தளம். நடுவில் பச்சைக் கோடு ஓடினால் வனத்துறை வண்டியோ ட்ராக்டரோ எப்போதாவது வந்து போகும் பாதை. இருபுறம் கெட்டியான தடம் இருக்கும், நடுவில் புல். விட்டுவிட்டுக் கறுத்துத் தெரிகிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. வண்டி போகும் சரளைச் சாலையில் கார் சக்கரங்கள் இரண்டு தடங்களை உங்களுக்காக இறுக்கி வைத்திருக்கும், அதில் வழுக்கிக்கொண்டு போகலாம். வண்டியே வராத பாதையில் அந்த உதவி கிடையாது. நடப்பவர்களும் சைக்கிள்களும் மிதித்த ஒன்றரை அடி அகல ஒற்றைத் தடம் நடுவில் இருக்கும், அவ்வளவுதான். எதிரே ஆள் வந்தால் அதிலிருந்து இறங்க வேண்டும். இறங்குகிற ஓரத்தில் உருண்டுவந்து சேர்ந்த கல் எல்லாம் மெத்தை மாதிரிக் கிடக்கும். முன் சக்கரம் அங்கேதான் பிடுங்கிக்கொண்டு போகும். ‘வண்டி வராது, ஆபத்தில்லை’ என்பது பாதி உண்மை. மோதுவதற்கு ஆளில்லை, விழுவதற்கு இடம் நிறைய.

புதுச்சக்கரம், மார்ச் 5, காலை 6.55

நீர்த்தேக்கம்தான். பார்த்துவிட்டேன், விரல்விரலாகத்தான் இருக்கிறது. டயர் விஷயம் யாரும் சொல்லவில்லையே? 32-இல் காற்று எவ்வளவு? பின் டயர் பக்கவாட்டில் 80 வரை அடிக்கலாம் என்று இருக்கிறது.

மேடுபள்ளம், மார்ச் 5, காலை 8.15

அது வெடிக்காமல் தாங்குகிற எல்லை. அடிக்க வேண்டிய அளவு இல்லை. 70 கிலோ ஆள் என்றால் 32 மிமீ-க்கு முன்னால் 38, பின்னால் 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). 40 மிமீ டயர் என்றால் முன் 30, பின் 33. எடை 10 சதவீதம் கூடினால் அழுத்தத்தையும் ஏறக்குறைய 10 சதவீதம் கூட்டுங்கள்.

நீர்க்கோழி, மார்ச் 5, காலை 11.40

ட்யூப் வைத்து 32 மிமீ-யில் 38? முதல் குண்டுக்கல்லிலேயே ரிம் ட்யூபைக் கடிக்கும். பிரித்துப் பார்த்தால் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. நீங்கள் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) கணக்கைச் சொல்கிறீர்கள்.

மேடுபள்ளம், மார்ச் 5, மதியம் 12.10

ஆமாம், என் தப்பு. மேலே சொன்ன எண்கள் ட்யூப்லெஸ்ஸுக்கு. ட்யூப் என்றால் 32-க்கு முன் 45, பின் 50. 40-க்கு முன் 35, பின் 38. அதிலிருந்து ஒரு தடவைக்கு 2 பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள். ரிம் தரையில் தட்டும் ‘டக்’ சத்தம் கேட்டால் 3 ஏற்றிவிடுங்கள். முன் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளினால் இன்னும் அதிகம் என்று அர்த்தம்.

காற்றடிக்கும் பம்பில் இருக்கிற முள் 30-க்குக் கீழே பெரும்பாலும் உத்தேசம்தான், 160 வரை காட்டும் டயலில் 30 எங்கே இருக்கிறது பாருங்கள். குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வாங்குவது நல்லது. இல்லையென்றால் எப்போதும் அதே பம்பில் அடியுங்கள். எண் தப்பாக இருந்தாலும் ஒரே மாதிரித் தப்பாக இருக்கும்.

ஒற்றைப்பல், மார்ச் 5, இரவு 9.30

32-ஐ வைத்து அழுத்தக் கணக்குப் போடுவதைவிட 38 ஏறுமா என்று பாருங்கள். டயருக்கும் செயின்ஸ்டேக்கும் (பின் சக்கரத்தின் இருபுறமும் ஓடும் ஃபிரேம் குழாய்) நடுவில் ஆலன் கீகளைச் செருகிப் பாருங்கள். இப்போது 8 மிமீ கீ இரண்டு பக்கமும் இடிக்காமல் போனால், 38 போட்டபின் பக்கத்துக்கு 5 மிஞ்சும். அது போதும். 4-க்குக் கீழே போனால் சேற்றோடு ஒரு கல் ஒட்டிக்கொண்டு வந்து ஃபிரேமை அரம்போல அராவும். கார்பன் ஃபிரேம் என்றால் ஒரு நாள் சேறே போதும். முன் ஃபோர்க்கின் உச்சி, சீட் ட்யூப் பக்கம், மட்கார்டு இருந்தால் அதற்குள்ளும் பாருங்கள். டயரில் 38 என்று அச்சடித்திருந்தாலும் அகலமான ரிம்மில் 40 வரைக்கும் விரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கோழி, மார்ச் 6, காலை 7.25

காப்பிடப் பகுதி பற்றி. மூன்று விஷயம்.

சைக்கிளுக்கு அனுமதி பாதைக்குப் பாதை மாறும். காப்பிடத்தைச் சுற்றும் வெளிப்பாதை திறந்திருக்கும், பறவை பார்க்கும் மறைவுக் குடிலுக்குப் போகும் கிளைப்பாதை நடப்பவருக்கு மட்டும் என்று இருக்கும். மேப்பில் இரண்டும் ஒரே நிறம். கூடு கட்டும் மாதங்களில் கிளைகளை அடைப்பார்கள். சில இடத்தில் பாதையையே நூறு மீட்டர் தள்ளிப் போடுவார்கள். இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களில் தேக்கிய நீர், சுற்றுப்பாதை தீபகற்பத்தையும் சேர்த்து 23 மைல். அதன் மேற்குக் கோடி பறவைகளுக்கு விட்ட இடம், விராலடிப்பான் பருந்து 2001-இலிருந்து அங்கே குஞ்சு பொரிக்கிறது. அந்த மாதிரி இடத்தில் நீர் விளிம்பை ஒட்டிப் போகலாம் என்று திட்டம் போட்டால் ஏமாற்றம்தான். பாதை விலகித்தான் போகும்.

சதுப்பில் மரப்பலகைப் பாதை வரும். அதுதான் முழு வட்டத்திலும் அபாயமான 200 மீட்டர். நனைந்த பலகையில் பச்சைப்பாசி ஒரு படலமாக இருக்கும், நிழலில் காயவே காயாது. பலகை ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறியபின் பிரேக் தொடக்கூடாது, ஹேண்டிலைத் திருப்பக்கூடாது, ஒரே சீராக மிதிக்க வேண்டும். பலகைகள் குறுக்கே அடித்திருந்தால் சரி, நெடுக்கே அடித்திருந்தால் இடுக்கில் 32 மிமீ உட்கார்ந்துவிடும். அப்போது இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். சில பலகைகளில் கோழிக்கூட்டு வலை அடித்திருப்பார்கள், அது நல்ல பிடிப்பு. ஆனால் ஓரத்தில் கம்பி பிய்ந்து நிற்கிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

மூன்றாவது மறந்துவிட்டது. வந்ததும் எழுதுகிறேன்.

சரளைக்கால், மார்ச் 6, காலை 10.00

மூன்றாவது பெல். இல்லாமல் போகக்கூடாது. அடித்தும் பிரயோஜனமில்லை. முன்னால் நடக்கிற இரண்டு பேர் பெல் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு இருவரும் பக்கம் மாறிக்கொள்வார்கள். நாய் நடுவில் நிற்கும்.

நீர்க்கோழி, மார்ச் 6, மாலை 5.45

பெல் இல்லை, உண்ணி. ஆனால் பெல்லும் சரிதான். முப்பது மீட்டருக்கு முன்பே ஒரு தடவை, மெதுவாக. முதுகுக்குப் பின்னால் வந்து அடிப்பது மிரட்டல். குதிரை என்றால் பெல்லே வேண்டாம், பேச்சுக்குரல் கொடுங்கள். பின்னாலிருந்து வருவது மனிதன் என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

உண்ணி: புல் உரசுகிற ஒற்றைத் தடத்தில் காலில் ஏறும். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால், அல்லது காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும்.

புதுச்சக்கரம், மார்ச் 6, இரவு 8.20

8 மிமீ கீ இடது பக்கம் போகிறது, வலது பக்கம் உரசுகிறது.

ஒற்றைப்பல், மார்ச் 6, இரவு 8.50

சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, சேணத்தை அழுத்திக்கொண்டு இறுக்குங்கள். அப்புறமும் உரசினால் ரிம் கோணல் அல்லது டிஷ் (ரிம் நடுவில் உட்காரும் அமைப்பு) தப்பு. டயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டாம், சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். இடைவெளி பக்கம் மாறினால் சக்கரம், மாறாவிட்டால் ஃபிரேம்.

ஒற்றைப்பல், மார்ச் 6, இரவு 8.58

மேலே சொன்னது முன் சக்கரத்துக்கும் ரிம் பிரேக் வண்டிக்கும்தான் எளிது. பின்னால் கேசட் (பல்சக்கர அடுக்கு), டிஸ்க் இருந்தால் திருப்பி மாட்ட முடியாது. அவசரத்தில் எழுதிவிட்டேன். கடையில் டிஷ் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடுபள்ளம், மார்ச் 7, காலை 7.40

எந்தத் திசையில் சுற்றுவது என்று யாரும் கேட்கவில்லை. ஏரி வட்டத்தில் பாதி தூரம் எதிர்காற்று நிச்சயம். நீர்ப்பரப்பின் மேல் தடுக்க எதுவும் இல்லை, அணைக்கரை மேல் இன்னும் மோசம். திறந்த கரையில் எதிர்காற்றை முதல் ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிடுங்கள், காட்டைக் கடைசிக்கு வையுங்கள். மரங்கள் காற்றைத் தடுக்கும், கால் ஓய்ந்தபின் அது பெரிய உதவி.

அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மாலை வெயில் சாய்ந்தபின் காட்டுக்குள் ஒளியும் நிழலும் பட்டை பட்டையாக விழும், வேரும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றுங்கள். வேரைச் சாய்வாகக் கடக்காதீர்கள். முடிந்த அளவு செங்குத்தாக, சேணத்திலிருந்து பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, ஹேண்டிலை லேசாகப் பிடித்து விடுங்கள். இறுக்கிப் பிடித்தவர்தான் விழுவார். வளைவில் பிரேக் வேண்டாம், வளைவுக்கு முன் முடித்துவிடுங்கள். சருகு மூடிய வளைவு என்றால் அடியில் கல்லா சேறா தெரியாது, இரண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரளைக்கால், மார்ச் 7, காலை 11.15

ஏற்றமே வேண்டாம் என்றால் பழைய ரயில் பாதைகளைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். ரயில் எஞ்சின் 2 சதவீதத்துக்கு மேல் ஏற முனகும், அதனால் பாதையும் ஏறாது. அமெரிக்காவின் கிரேட் அலெகெனி பாசேஜ் 150 மைல், பெரும்பாலும் நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தளம். உச்சி 2,392 அடி, ஆனாலும் மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் 152 கிமீ, இதுவும் சரளை. இரண்டிலும் சுரங்கம் உண்டு, விளக்கு வேண்டும். அலெகெனியில் பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்க்காமல் போனால் மலையைச் சுற்ற வேண்டும்.

குறை: நேராகப் போவதால் மூன்றாவது மணி நேரத்தில் தூக்கம் வரும்.

மேடுபள்ளம், மார்ச் 7, மதியம் 2.30

சுண்ணாம்புத் தூள் தளம் காய்ந்திருக்கும்போது சொர்க்கம். நனைந்தால் பற்பசை. செயினில் ஏறி அரைக்கும், டிஸ்க் பிரேக் பேடையும் தின்னும். ரெசின் பேடு என்றால் ஒரு மழை நாளிலேயே பாதி போகும், சின்டர்டு (உலோகப் பொடி) பேடு தாங்கும், ஆனால் கத்தும். புறப்படும் முன் கேலிப்பருக்குள் (பேடு உட்காரும் பகுதி) டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு 1 மிமீ-க்குக் குறைந்திருந்தால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். 60 கிமீ வட்டத்தின் நடுவில் இரும்போடு இரும்பு உரசினால் டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

செயினுக்கு, வந்த அன்றே துணியால் துடைத்து எண்ணெய். பிரஷர் வாட்டர் துப்பாக்கியை ஹப், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் திருப்பாதீர்கள். அது சேற்றைக் கழுவாது, உள்ளே அனுப்பும்.

நீர்க்கோழி, மார்ச் 7, மாலை 4.00

குடிநீர் முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள். மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். வட்டம் நாலரை மணி நேரம் என்றால் இரண்டே கால் முதல் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ஏரியில் நிரப்பிக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பச்சைப் பெயின்ட் கொட்டினதுபோல நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதன் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. நாயையும் குடிக்க விடாதீர்கள்.

ஒற்றைப்பல், மார்ச் 8, காலை 6.30

சாமான் பட்டியல் யாராவது கேட்பதற்குள். ட்யூப் 2, டயர் லீவர் 2, சின்ன பம்ப், உங்கள் செயினுக்கு ஏற்ற விரைவு இணைப்பி (11 ஸ்பீடுக்கும் 12 ஸ்பீடுக்கும் வேறு வேறு), 4, 5, 6 மிமீ கீயும் டி25-உம் உள்ள மல்டிடூல், டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமில் பிடிக்கும் துண்டு) ஒன்று. கடைசியானதைத்தான் எல்லாரும் விடுவார்கள். காட்டில் ஒரு குச்சி சக்கரத்தில் சிக்கி டீரெய்லரை இழுத்தால் ஒடிவது அதுதான், வண்டிக்கு வண்டி வடிவம் வேறு என்பதால் வழியில் கிடைக்காது. குச்சி சத்தம் கேட்டவுடன் மிதிப்பதை நிறுத்தினால் பாதி ஹேங்கர் பிழைக்கும்.

டயர் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயரின் ஒரு துண்டு, தீப்பெட்டி அளவு. கார்பன் டை ஆக்சைடு குப்பி வேகம்தான், ஆனால் அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசியும். மறுநாள் காலை டயர் தளர்ந்திருந்தால் பஞ்சர் என்று தேடாதீர்கள்.

புதுச்சக்கரம், மார்ச் 8, இரவு 7.10

சக்கரம் சாய்ந்துதான் இருந்தது. நேராக்கியதும் 8 மிமீ இரண்டு பக்கமும் போகிறது. 38 வாங்கியாயிற்று, ட்யூபோடுதான். காப்பிடக் கிளையை வெட்டிவிட்டு 46 கிமீ-ஆகக் குறைத்தேன். அணைக்கரை முதலில், காடு கடைசியில். 38-க்கு முன் 37, பின் 40 சரியா? 68 கிலோ.

மேடுபள்ளம், மார்ச் 8, இரவு 7.45

சரி. கேட்டுகளை எண்ணினீர்களா? ஆள் மட்டும் நுழையும் வளைவுக் கேட்டில் வண்டியைப் பின் சக்கரத்தில் நிமிர்த்தித் திருப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். மாட்டுக் கம்பிப்பாலம் (மாடு தாண்டாதபடி தரையில் பதித்த கம்பிகள்) வந்தால் நேராக, பிரேக் தொடாமல்.

ஒற்றைப்பல், மார்ச் 8, இரவு 7.52

புதிய ட்யூபில் வால்வு கோர் (வால்வின் உள்துண்டு) கழலும் வகையா என்று பாருங்கள். கழலும் என்றால் புறப்படும் முன் இறுக்குங்கள். திருகி மாட்டும் பம்பை எடுக்கும்போது கோரும் சேர்ந்து வந்துவிடும், அதைச் சரளையில் தேடுவது தனிக் கலை.

சரளைக்கால், மார்ச் 9, காலை 5.58

பெல்?

புதுச்சக்கரம், மார்ச் 9, காலை 6.02

மாட்டியாயிற்று. கோர் இரண்டில் ஒன்று தளர்ந்துதான் இருந்தது.